எந்த வாசலில் தட்டுவது? புத்தலப்பட்டு பி.காம். மாணவரின் உதவித்தொகைக் கணக்கு

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள புத்தலப்பட்டு பஸ் நிறுத்தத்தில் காலை நேரத்தில் கல்லூரிப் பையோடு நிற்கும் பிள்ளைகளுக்கு மூன்று திசை உண்டு. ஒன்று சித்தூர், அங்கே பி.வி.கே.என். அரசுக் கல்லூரி இருக்கிறது. இன்னொன்று திருப்பதி, தேவஸ்தானம் நடத்தும் ஸ்ரீ வேங்கடேஸ்வரா கலைக் கல்லூரி, கோவிந்தராஜ சுவாமி கலைக் கல்லூரி, பெண்களுக்கான பத்மாவதி கல்லூரி எல்லாம் அங்கேதான். மூன்றாவது, சித்தூரைத் தாண்டிக் காட்பாடி வழியாக வேலூர். வீட்டில் பேசுவது தமிழ் என்பதாலும் சொந்தக்காரர்கள் அந்தப் பக்கம் இருப்பதாலும் வேலூருக்குப் போகிறவர்கள் எப்போதும் கொஞ்சம் பேர் உண்டு.

பி.காம். எங்கே படித்தாலும் பேரேடு ஒன்றுதான். உதவித்தொகை அப்படியில்லை. எந்த பஸ்ஸில் ஏறுகிறார் என்பதே எந்தப் பணம் கைக்கு வரும் என்பதில் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது. சேர்ந்த பிறகு இதைத் தெரிந்துகொள்கிறவர்கள்தான் அதிகம். இன்டர்மீடியட் (பன்னிரண்டாவது) ரிசல்ட் வந்த வாரத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போட வேண்டிய விஷயம் இது.

ஆந்திர மாநிலத்துக்குள் படிப்பவருக்கு முதல் வாசல் மாநில அரசின் கட்டணத்தைத் திருப்பித்தரும் திட்டம். ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி முதல்வராக இருந்த காலத்தில் பெரிதாக வளர்ந்த திட்டம் இது. பின்னால் வந்த அரசுகள் பெயரையும் பணம் போகும் பாதையையும் மாற்றின. ஜகனண்ண வித்யா தீவெனா என்று பெயர் இருந்தபோது, 2021-இல் கட்டணப் பணம் அம்மாவின் வங்கிக் கணக்குக்கு வந்தது. பிறகு அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து வைக்கும் கூட்டுக் கணக்குக்குப் போனது. 2024-இல் ஆட்சி மாறியதும் மறுபடி நேராகக் கல்லூரிக்கே செலுத்துவது என்று ஆனது. இதனால் அண்ணன் படித்தபோது நடந்தது தம்பிக்கு நடக்கும் என்று நினைத்து இருக்க முடியாது. விண்ணப்பிக்கும் ஆண்டின் நடைமுறை என்ன என்று கல்லூரி அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுக்கொள்வதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இந்தத் திட்டத்தில் இரண்டு பணம் உண்டு. அலுவலகத்தில் அவற்றை ஆர்.டி.எஃப்., எம்.டி.எஃப். என்பார்கள். ஆர்.டி.எஃப். என்பது கல்லூரிக் கட்டணம். எம்.டி.எஃப். என்பது சாப்பாடு, தங்கல் செலவு. வசதி தீவெனா என்ற பெயரில் இருந்தபோது இரண்டாவது வகையில் டிகிரி மாணவருக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் வரை ஒதுக்கப்பட்டிருந்தது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும். நன்செய் 10 ஏக்கருக்குக் குறைவு, நான்கு சக்கர வண்டி இல்லை, வீட்டில் அரசு ஊழியர் இல்லை, வருமான வரி கட்டுபவர் இல்லை என்றெல்லாம் நிபந்தனைகள் வரிசையாக வரும். டாக்சிக்கும் டிராக்டருக்கும் விலக்கு இருந்தது. கிராமச் சச்சிவாலயத்தில் (கிராமச் செயலகத்தில்) இதைச் சரிபார்ப்பதற்குச் 'சிக்ஸ் ஸ்டெப் வேலிடேஷன்' என்று பெயர். வேலையைப் பார்ப்பவர் வெல்ஃபேர் அண்ட் எஜுகேஷன் அசிஸ்டெண்ட். பெயர் நீளம், ஆனால் பெரும்பாலான சிக்கல் அவிழ்வதும் இறுகுவதும் அவர் மேஜையில்தான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், வீட்டு மேப்பிங்கில், அதாவது யார் யார் ஒரே வீடு என்ற பதிவில். பெரியப்பா கார் வாங்கியிருப்பார்; கூட்டுக் குடும்பமாகப் பதிவான பழைய கணக்கில் அவர் கார் இந்தப் பையன் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பத்து வருஷமாக அடுப்பு வேறு என்பது கணினிக்குத் தெரியாது. இதை விண்ணப்பம் திறந்த பிறகு பார்க்கக் கூடாது. மே மாதத்திலேயே சச்சிவாலயத்துக்குப் போய், வீட்டுப் பதிவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

இனி இரண்டாவது வாசல். கணக்குப்பதிவியல் மாணவர்கள் அதிகம் கவனிக்காதது இதுதான், ஆனால் அவர்களுக்கென்றே கொஞ்சம் அகலமாகத் திறந்திருப்பதும் இதுதான். மத்திய கல்வி அமைச்சகத்தின் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர் உதவித்தொகை: ஆண்டுக்கு 82,000 புதிய இடங்கள், அதில் பாதி பெண்களுக்கு. இளநிலைப் படிப்பின் முதல் மூன்று வருஷமும் ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுநிலைக்கு ஆண்டுக்கு 20,000. தன் வாரியத்தில், தன் பிரிவில், தேறியவர்களின் 80-ஆவது சதமானத்துக்கு மேலே இருக்க வேண்டும்; அதாவது மேலே இருக்கும் ஐந்தில் ஒரு பங்குக்குள். குடும்ப வருமானம் 4.5 லட்சம் வரை இருக்கலாம்.

இதில் ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். மாநில வாரியத்துக்குக் கிடைக்கும் இடங்களை அறிவியல், வணிகவியல், கலை என்று 3:2:1 விகிதத்தில் பிரிக்கிறார்கள். ஆறு இடத்தில் இரண்டு வணிகவியலுக்கு. ஆந்திர இன்டர்மீடியட்டில் கூட்டம் எல்லாம் அறிவியல் பிரிவுகளான எம்.பி.சி.யிலும் பை.பி.சி.யிலும், வணிகவியல் பிரிவுகளான எம்.இ.சி., சி.இ.சி. எடுப்பவர்கள் அவர்களுக்கு முன்னால் சிறு கூட்டம். மூன்று பங்குக்குப் பெருங்கூட்டம் முட்டுகிறது, இரண்டு பங்குக்குச் சிறு கூட்டம் நிற்கிறது. எஞ்சினீயரிங் போன பக்கத்து வீட்டுப் பையன் 950 வாங்கியும் கிடைக்காததை, அதைவிடக் குறைவாக வாங்கிய எம்.இ.சி. பெண் வாங்கிவிடக்கூடும். தகுதிப் பட்டியலையும் கட்-ஆஃப் மதிப்பெண்ணையும் இன்டர்மீடியட் வாரியமே வெளியிடுகிறது. மார்க் குறைவு என்று தானாகவே முடிவு கட்டி விண்ணப்பிக்காமல் இருந்துவிடுபவர்கள் இந்தப் பட்டியலை ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் போதும்.

ஆனால் இரண்டு வாசலிலும் ஒரே நேரத்தில் நுழைய முடியாது. மத்தியத் திட்டத்தின் விதிப்படி, மாநில உதவித்தொகையோ கட்டணத் திருப்பமோ பெறுபவருக்கு இது கிடையாது. இங்கே பி.காம். மாணவர் தன் முதல் நிஜக் கணக்கைப் போட வேண்டியிருக்கிறது.

வருமானம் 2.1 லட்சம், ஆண்டுக் கட்டணம் 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாநிலத் திட்டத்தில் கட்டணம் 14,000, செலவுப் பணம் 20,000 ஆக மொத்தம் 34,000. மத்தியத் திட்டத்தில் 12,000. மாநிலம்தான் என்று காகிதம் சொல்கிறது. அதே வீட்டின் வருமானம் 3.6 லட்சம் என்றால்? மாநில வாசல் மூடிவிட்டது. மத்திய வாசல் மட்டும் திறந்திருக்கிறது. இரண்டரை லட்சத்துக்கும் நாலரை லட்சத்துக்கும் நடுவே இருக்கும் வீடுகள் இந்தப் பக்கம் ஏராளம்: சித்தூரில் சின்னக் கடை வைத்திருப்பவர், மாம்பழக் கூழ்த் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், லாரி ஓட்டுபவர். 'நமக்கு எதுவும் வராது' என்று விட்டுவிடுவது பெரும்பாலும் இந்த வீடுகள்தான். மூன்று ஆண்டில் 36,000 ரூபாய்.

காகிதத்தில் வரும் தொகை கைக்கு எப்போது வரும் என்பது வேறு கேள்வி. கட்டணத் திருப்பத்தில் நிலுவை சேர்ந்து தனியார் கல்லூரிகள் போராட்டத்தில் இறங்கியதை மாநிலமே பார்த்திருக்கிறது. சி.ஏ. இன்டரில் படிக்கும் கணக்கியல் தரநிலை 12, அரசு மானியங்களைப் பற்றியது. நிபந்தனைகள் நிறைவேறும், பணமும் வந்து சேரும் என்ற நியாயமான உறுதி பிறக்கும் வரை மானியத்தைக் கணக்கில் ஏற்றாதே என்கிறது அது. நிறுவனங்களுக்கு எழுதிய விதி. ஆனாலும் புத்தலப்பட்டில் ஒரு வீடு அதை அப்படியே கடைப்பிடிக்கலாம்: எம்.டி.எஃப். வரும் என்று நம்பி ஹாஸ்டல் பணத்துக்குக் கடன் சொல்லாதே.

வேலூர் பஸ்ஸில் ஏறுகிறவர் கதை தனி. எல்லையைத் தாண்டியதும் ஆந்திர அரசின் கட்டணத் திருப்பம் பின்னால் நின்றுவிடும். தமிழ்நாட்டின் உதவியும் முன்னால் வந்து கைகொடுக்காது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்குவதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலோ, அங்கே அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். புத்தலப்பட்டில் தமிழ் வழியில் பத்தாவது எழுதியதாலேயே அந்தத் தகுதி வந்துவிடாது. வீட்டு மொழி தமிழ், ஆகவே ஆந்திராவில் நாம் சிறுபான்மை, சிறுபான்மையினர் உதவித்தொகை கிடைக்குமே என்று நினைப்பவர்களும் உண்டு. அந்தத் திட்டங்களில் சிறுபான்மை என்றால் மதம்: முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, சமணர். மொழிக்கு அதில் இடமில்லை.

வேலூர்க்காரருக்கு மிஞ்சுவது மத்தியத் திட்டங்கள். மேலே சொன்ன 12,000 ரூபாய் உதவித்தொகை எந்த மாநிலத்தில் படித்தாலும் கூடவே வரும்; பன்னிரண்டாவது எந்த வாரியம் என்பதுதான் கணக்கு. பட்டியல் சாதி மாணவருக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகையும், மத்திய வழிகாட்டு நெறிப்படி, மாணவரின் சொந்த மாநிலம் தர வேண்டியது. அதில் மத்திய அரசுக்கு 60 பங்கு, மாநிலத்துக்கு 40.

உதவி கிடைக்கும் திசையில் படிப்பே திரும்புவதும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1960 வரை சித்தூர் மாவட்டத்தோடு இருந்த திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், திருப்பதியிலும் வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும் உதவித்தொகையில் படித்தவர். சென்னை கிறித்தவக் கல்லூரியில் அவர் தத்துவம் எடுத்ததற்குக் காரணம், அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் தன் தத்துவப் புத்தகங்களை இலவசமாகக் கொடுத்ததுதான். கையில் வந்த புத்தகம் கணக்குப்பதிவியலாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு பி.காம். மாணவர் யோசிப்பதில் தப்பில்லை.

விண்ணப்பம் தோற்றுப்போகும் இடத்துக்கு இப்போது வருவோம். மார்க்கில் தோற்பதைவிடப் பெயரில் தோற்பது அதிகம் என்பது இந்த எல்லைப் பகுதிக்கே உரிய தொல்லை. தமிழ் வீட்டில் இனிஷியல் அப்பா பெயர். தெலுங்கு வழக்கத்தில் முன்னால் நிற்பது இன்ட்டி பேரு, வீட்டுப் பெயர். பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் ஒரு வழக்கத்தில் எழுதியிருப்பார், ஆதார் எடுத்தவர் இன்னொரு வழக்கத்தில்.

முனிரத்தினம் மகள் கவிதா என்று ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தாவது மதிப்பெண் மெமோவில் எம். கவிதா. ஆதாரில் கவிதா முனிரத்னம், 'தி' இல்லாமல். சாதிச் சான்றிதழில் ஊர்ப்பெயரை வீட்டுப் பெயராக எடுத்துக்கொண்டு பி. கவிதா. வங்கியில் வெறும் கவிதா. நான்கும் ஒரே பெண் என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் இணையதளம் எழுத்தைத்தான் பார்க்கும். பி.காம். முதல் பருவத்தில் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போடச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதே வேலைதான்: ரொக்க ஏடு ஒரு பக்கம், பாஸ்புக் ஒரு பக்கம், வித்தியாசம் எங்கே என்று வரி வரியாகப் பார்ப்பது. ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, நான்கு ஆவணத்திலும் இருக்கிறபடியே பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றையும் ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்தால் வேறுபாடு கண்ணில் அடிக்கும். பத்தாவது மெமோவை மாற்றுவது கடினம். அதை அடிப்படையாக வைத்து மற்ற மூன்றையும் அதற்குத் திருத்துவதுதான் லாபம். ஆதார் திருத்தம் முதலில், வங்கி அதற்குப் பிறகு. வரிசை மாறினால் வங்கிக்கு இரண்டு தடவை நடக்க வேண்டியிருக்கும்.

மாவட்டப் பெயரும் கொஞ்சம் விளையாடும். 2022 ஏப்ரல் 4-இல் சித்தூர் மாவட்டம் பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானது. புத்தலப்பட்டு சித்தூரிலேயே இருக்கிறது. பக்கத்து பாகாலா திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது. பாகாலாவிலிருந்து கட்டிக்கொண்டு வந்த அம்மா, பாகாலாவில் பாட்டி வீட்டிலிருந்து படித்த பிள்ளை என்றால் பழைய சான்றிதழில் ஒரு மாவட்டம், புதியதில் இன்னொரு மாவட்டம் இருக்கும். விண்ணப்பத்தில் இன்றைய நிரந்தர முகவரியின் மாவட்டத்தையே போட வேண்டும்.

பணம் போய்ச் சேரும் கணக்கு எது என்பதில்தான் படித்தவர்களும் வழுக்கி விழுகிறார்கள். விண்ணப்பத்தில் ஒரு வங்கிக் கணக்கு எண்ணை எழுதியிருப்பார்கள். ஆனால் ஆதார் வழியாக வரும் அரசுப் பணம் அந்த எண்ணைப் பார்ப்பதில்லை. ஆதாரோடு கடைசியாக எந்த வங்கி 'சீடிங்' ஆனதோ அங்கே போய்விடும். என்றோ பேமெண்ட்ஸ் வங்கியில் சிம் கார்டோடு சேர்த்துத் திறந்த கணக்கு ஒன்று இருக்கும், மறந்தே போயிருக்கும், உதவித்தொகை சத்தமில்லாமல் அங்கே உட்கார்ந்திருக்கும். கிளையில் 'ஆதார் லிங்க் ஆயிருக்கா?' என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். லிங்க் ஆவது வேறு, சீடிங் ஆவது வேறு. ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் பேங்க் சீடிங் நிலையைத் தானே பார்த்துக்கொள்ளலாம். சாதாரண போன் என்றால் ஸ்டார் 99 ஸ்டார் 99 ஹாஷ் அழுத்தினாலும் வங்கியின் பெயர் தெரியும்.

முழு ஆவணம் இல்லாமல் திறந்த 'ஸ்மால் அக்கவுண்ட்' என்றால் இன்னும் கவனம். மாதத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது, இருப்பு 50,000-ஐத் தாண்டக் கூடாது. ஆதார் கொடுத்து முழுக் கணக்காக மாற்றிவிடுவது நல்லது. ஒரு நல்ல செய்தியும் உண்டு: உதவித்தொகைக்காகத் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கை, இரண்டு வருஷத்துக்கு மேல் வரவு செலவு இல்லை என்பதற்காகச் செயலற்ற கணக்காக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. கிளையில் மறுத்தால் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

விண்ணப்பிக்கும் இடம், மாநிலத் திட்டத்துக்கு ஞானபூமி தளம், கல்லூரி வழியாக. மத்தியத் திட்டத்துக்குத் தேசிய உதவித்தொகைத் தளம். அங்கே முதலில் ஒரு முறைப் பதிவு. முகத்தைப் போனில் காட்டி ஆதாரோடு சரிபார்த்ததும் 14 இலக்க எண் ஒன்று வரும். படிப்பு முடியும் வரை அதே எண்தான், நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டியது. விண்ணப்பித்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிடுவார்கள். கல்லூரியின் நோடல் அலுவலர் திறந்து பார்த்து ஒப்புதல் தராவிட்டால் அது அங்கேயே கிடக்கும், கடைசி நாளும் போய்விடும். அவர் பெரும்பாலும் வகுப்பும் எடுத்துக்கொண்டு இந்த வேலையையும் பார்க்கும் ஆசிரியர். 'சார், என் ஃபைல் ஒரு தடவை பாருங்க சார்' என்று விண்ணப்ப எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். இந்தத் தளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. தட்டச்சுச் செய்து தருபவருக்குக் கூலி கொடுக்கலாம். 'வாங்கித் தருகிறேன்' என்பவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

சி.ஏ. கனவோடு பி.காம். சேர்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. கோச்சிங்குக்கு நேரம் வேண்டும் என்று பி.காமை அஞ்சல் வழியில் போடுவது வழக்கமாகிவிட்டது. அஞ்சல் வழி, தொலைநிலைப் படிப்புக்கு மத்திய உதவித்தொகையும் கிடையாது, மாநிலக் கட்டணத் திருப்பமும் கிடையாது. மிச்சமாகும் நேரத்தின் விலை அந்தப் பணம். அதே சமயம் ரெகுலர் பி.காம். 55 சதவீதத்தோடு முடித்தவர் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேராக சி.ஏ. இன்டருக்குப் போகலாம் என்பதையும் தராசின் இன்னொரு தட்டில் வைக்க வேண்டும். இன்டர் இரண்டு குரூப்புக்கும் பதிவுக் கட்டணம் 18,000, ஃபைனலுக்கு 22,000. சி.ஏ. நிறுவனமே தகுதி அடிப்படையிலும் தேவை அடிப்படையிலும் தன் மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது, எஸ். வைத்யநாத் ஐயர் நினைவு நிதி என்று தனி நிதியும் இருக்கிறது. திருப்பதியில் நிறுவனத்தின் கிளை உண்டு. அறிவிப்புகளை அங்கே கேட்கலாம்.

சி.ஏ. பயிற்சியான ஆர்டிகிள்ஷிப்பில் வரும் ஸ்டைபெண்ட் உதவித்தொகை ஆகாது, வேலைக்கான படி. 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் இந்தப் பயிற்சி மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. அந்தப் பணத்தை நம்பிக் குடும்பக் கணக்குப் போட்டிருந்தால் ஓராண்டு வரவைக் கழித்துவிட வேண்டும்.

பெண்களுக்கு இந்தத் துறையில் ஒரு பழைய பெயர் துணைக்கு வரும். ஆர். சிவபோகம், 1933-இல் தேறிய இந்தியாவின் முதல் பெண் கணக்காய்வாளர். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். சிறை சென்றவர் இந்தத் தொழில் செய்யக்கூடாது என்று வந்த தடையை நீதிமன்றத்தில் எதிர்த்து வென்று சென்னையில் அலுவலகம் நடத்தினார். முதல் முயற்சியிலேயே சி.ஏ. இறுதித் தேர்வில் தேறும் பெண்களில் சிறந்தவருக்குப் பரிசு ஒன்றையும் ஏற்படுத்திவிட்டுப் போனார்.

பணம் வந்த பிறகும் சில வேலை இருக்கிறது. படிப்புச் செலவுக்காகக் கிடைத்த உதவித்தொகைக்கு வருமான வரி இல்லை. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10(16) பிரிவு காலங்காலமாக இதைத்தான் சொல்லி வந்தது. மத்திய உதவித்தொகையைப் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். காணிப்பாக்கம் பிரம்மோற்சவத்துக்கு எத்தனை நாள், மாங்காய்ப் பருவத்துக்கு எத்தனை நாள் லீவு போட்டார் என்பது அப்போதுதான் கணக்கில் வரும். புதுப்பித்தல் தானாக நடக்காது. இரண்டாம் ஆண்டும் அதே தளத்தில் அதே எண்ணோடு உள்ளே போக வேண்டும். பணம் வரவாகிய அன்றே பாஸ்புக்கில் பதிவு போட்டு, அந்தப் பக்கத்தை நகலெடுத்து, முதல் ஆண்டு மார்க் ஷீட்டோடும் கட்டண ரசீதோடும் ஒரே ஃபைலில் வைத்துவிட்டால், அடுத்த அறிவிப்பு வரும் வாரத்தில் பீரோவைக் கவிழ்க்க வேண்டியிருக்காது.